பேரிங்கின் மேல் அண்ணனின் கை

கரும்பு அறுவடை தொடங்கினாலே எனக்கு அண்ணனின் கையைப் பற்றித்தான் கவலை. எங்கள் தீவில் ரிவியேர் டு ராம்பார் என்ற ஊருக்கு அருகே ஒரு சர்க்கரை ஆலையில் அண்ணனுக்கு எண்ணெய் விடும் வேலை. ஓடுகிற இயந்திரத்தில் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் சூடாகிறதா என்று புறங்கையை வைத்துத்தான் பார்ப்பார். முந்தின வருடம் அப்படிப் பார்த்த இன்னொருவரின் சட்டை சுழலும் தண்டில் சிக்கி, கையே போயிற்று. அதன்பின் அண்ணன் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டார். அவ்வளவுதான் அவருடைய பாதுகாப்பு.

ஊரெல்லாம் சுதந்திரப் பேச்சாக இருந்த சமயம், அளவை எண்ணாகக் காட்டும் மீட்டர் ஒன்று ஆலைக்கு வந்தது. அங்கே அளவுக் கருவிகள் என் பொறுப்பு. பேரிங்கில் வெப்ப உணரியைப் பொருத்தி, என் அறைவரை கம்பி இழுத்தேன். அது தருவது துளியூண்டு மின்னழுத்தம். மின் இரைச்சலை வடிகட்ட ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர். மீறி வரும் மின்சாரத்தைத் தடுக்க இரண்டு டயோடு. எல்லாம் வைத்தும் எண் குதித்துக்கொண்டே இருந்தது. சனிக்கிழமைக்குள் நிற்காவிட்டால் கழற்றிவிடச் சொன்னார் எஞ்சினியர். கழற்றினால் மறுபடியும் அண்ணன் கைதான்.

வெள்ளிக்கிழமை கம்பியைத் தொடர்ந்து பேரிங்வரை போனேன். வெளி மின்சாரம் புகாமல் கம்பியைச் சுற்றியிருக்கும் கவச வலையை என் அறையில் மட்டுமே பூமிக்கு இணைத்திருந்தேன். இங்கேயும் அது இயந்திர இரும்போடு முறுக்கியிருந்தது.

"யாரு கட்டுனது, அண்ணே?"

"நான்தான். ஒத்தப் பக்கம் தொங்கிட்டிருந்துச்சு. ரெண்டு பக்கமும் கட்டாம எப்படி நிக்கும்?"

புயலுக்குத் தகரக் கூரையைக் கட்டிப் பழகியவரை எப்படித் திட்டுவது? இரண்டு முனையும் பூமியைத் தொட்டதால், மோட்டார்களின் மின்சாரம் கவசத்தில் ஓடி அளவைக் குழப்பியிருக்கிறது. அந்த முனையை வெட்டி நாடா சுற்றினேன். எண் குதிப்பது நின்றது.

"தொங்குதே, தம்பி."

"தொங்கட்டும். தொட்டுடாதீங்க."

திங்கட்கிழமை எண் மெல்ல ஏறியது. மறுபடி கட்டிவிட்டாரோ? கட்டியிருந்தால் குதிக்கும், இது ஏறிக்கொண்டே போனது. வீணாக ஆலையை நிறுத்தினால் என் வேலை போய்விடும். அறைக் கண்ணாடி வழியே பார்த்தேன். சத்தம் மாறியதைக் கேட்டு அண்ணன் கையை நீட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தும் மணியை அடித்தேன்.

இயந்திரம் ஓய்ந்ததும் பேரிங்கிலிருந்து புகை வந்தது. வெட்டிய முனை அப்படியே தொங்கியது. அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு, சுருட்டியிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டு, மணிக்கட்டில் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.