கண் திறந்த முகம்

நம்புங்கள் என்று யாரையும் கேட்கப் போவதில்லை. போலீஸிடம் சொன்னதையேதான் இங்கும் எழுதுகிறேன். அன்று என் சட்டையில் இருந்தது என் அக்காவின் ரத்தம். அது மட்டும் எல்லோரும் பார்த்த உண்மை.

இரவுகூட இல்லை அது. சனிக்கிழமை, மாலை நாலு பத்து.

கல்லூரி வளாகத்துக்குள் இருக்கும் நவீனக் கலைக்கூடம். ஜன்னல் இல்லாத மூன்றாவது அறையில், சுவரில் பதித்த நாற்பது மனித முகங்கள். சிற்பத் துறை மாணவர்களின் முகத்தில் அச்செடுத்து, பிளாஸ்டரில் வார்த்தவை. வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு முகத்தை உடைக்கலாம். அதுதான் கண்காட்சியே. வாசலில் காவலாளி ஆளுக்கொரு சுத்தியலும், கண்ணில் சில்லு படாமலிருக்க ஒரு கண்ணாடியும் கொடுத்தார்.

"வீட்டுல ஒரு டம்ளர் உடைஞ்சா உன் பொண்டாட்டி என்ன குதி குதிப்பா! இங்க கூப்பிட்டு வச்சு உடைக்கச் சொல்றாங்க பாருடா" என்றாள் அக்கா.

அக்காவுக்கு மருத்துவமனையில் மாவுக்கட்டு போடும் வேலை. இருபத்திரண்டு வருஷம். இறுகிய கட்டைப் பிரிப்பதற்கு முன், விரல் முட்டியால் அதன் மேல் இரண்டு தட்டு தட்டுவாள். "பயப்படாதீங்க, வலிக்காது" என்பாள். சின்னக் குழந்தைக்கும் அதுதான், பயில்வானுக்கும் அதுதான்.

முதலில் நான் அடித்தேன். சப்பை மூக்குக்காரன் ஒருவனின் முகம். மூக்கு பறந்தது. தாடை இரண்டாகப் பிளந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது... சுகமாக இருந்தது. கை ஓயும்வரை அடித்தேன். காலடியில் உதடு, பாதி நெற்றி, ஒரு காது.

"யார் மேலடா இவ்வளவு கடுப்பு?"

"மேனேஜர் மேல."

சிரித்துக்கொண்டே அக்கா ஒவ்வொரு முகமாகத் தடவிப் பார்த்தபடி போனாள். கோடியில் இருந்த ஒன்றின் மேல் வைத்த கையைச் சட்டென்று எடுத்தாள்.

"டேய்... இது சுடுது."

"லைட் சூடா இருக்கும்க்கா."

"லூசு. பிளாஸ்டர் இறுகுறப்பதான் சுடும். கொஞ்ச நேரத்துல ஆறிடும். இதெல்லாம் போன மாசமே செஞ்சதுன்னு வாசல்ல எழுதியிருக்கே."

தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி கொதித்தது.

அப்புறம்தான் கவனித்தேன். மற்ற முகங்களெல்லாம் கண் மூடியிருந்தன. இது மட்டும் திறந்திருந்தது.

"கண்ணைத் திறந்துக்கிட்டு எவனாலடா அச்சுக்கு முகம் காட்ட முடியும்?" அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "உயிரோட இருக்கிறவனால முடியாது."

நாலு இருபத்தாறு.

கையின் பழக்கம்தான். வேறென்ன சொல்ல? அக்கா குனிந்து, அதன் நெற்றியில் இரண்டு தட்டு தட்டினாள்.

"பயப்படாதீங்க. வலிக்காது."

அறை அமைதியாக இருந்தது.

டொக்... டொக்.

சுவருக்குள்ளிருந்து வந்தது.

"உள்ள ஆள் இருக்குடா! யாரையோ வச்சுப் பூசியிருக்காங்க!"

"காவலாளியைக் கூப்பிடறேன். நீ தொடாதேக்கா."

"அதுக்குள்ள மூச்சு நின்னுடும்டா!"

ஓங்கி அடித்தாள். முகத்தில் விரிசல் ஓடியது. அக்கா "ஆ" என்று தன் நெற்றியைப் பிடித்தாள். விரலிடுக்கில் ரத்தம். சில்லு தெறித்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.

இரண்டாவது அடி.

அவள் போட்டிருந்த கண்ணாடியின் உட்பக்கம் சிவந்தது. காதிலிருந்தும் வழிந்தது.

பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். என் தோள் உயரம்கூட இல்லாதவள், ஒரே உதறலில் என்னை எதிர்ச் சுவரில் அடித்தாள். என் பல் ஒன்று உடைந்தது.

"விடுடா... இன்னும் ஒரே அடி... வெளிய வந்துடுவாங்க..."

"அக்கா, வேணாம்!"

மூன்றாவது அடி.

முகம் சிதறி விழுந்தது. பின்னால் ஆளில்லை. குழியில்லை. வெறும் வெள்ளைச் சுவர்.

அக்கா விழுந்தாள்.

தலையை மடியில் எடுத்தேன். என் உள்ளங்கைக்குக் கீழே எலும்பு தனித்தனியாக நகர்ந்தது.

நாலு முப்பத்தொன்று.

நான்தான் அடித்தேன் என்று இரண்டு நாள் என்னை உட்கார வைத்து விசாரித்தார்கள். மூன்றாம் நாள் விட்டுவிட்டார்கள். ஏன் என்று சொல்லவில்லை. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர்தான் கூப்பிட்டு அனுப்பினார். அக்காவோடு ஒரே மருத்துவமனையில் பல வருஷம் வேலை பார்த்தவர். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, வெளியில இருந்து உங்க அக்காவை யாரும் அடிக்கலை."

"அப்புறம் மண்டை எப்படி சார் உடைஞ்சுது?"



"எலும்பு வெளிப்பக்கமா பிளந்திருக்கு. அடி உள்ளேயிருந்து விழுந்திருக்கு..."

மூன்று விரல்களைக் காட்டினார்.