ஜுமாவின் இருமல்

இந்த ஊரில் யாராவது இருமினால் வழியில் போகிறவர்கள்கூட நின்று "போலே" என்கிறார்கள். உனக்கு இப்படி ஆயிற்றே, வருந்துகிறேன் என்று பொருள். கால் தடுக்கினாலும் போலே, சுமை கனத்தாலும் போலே. வந்த புதிதில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. நான் பிறந்தது கோலார் தங்கவயலில், ஸ்கெலட்டன் பகுதியின் லைன் வீட்டில். அங்கே வீட்டுக்கு ஓர் இருமல் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நின்று வருத்தப்பட்டால் யாரும் வேலைக்குப் போய்ச் சேர முடியாது. ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது தெரியும்.

தான்சானியாவில் தங்கம் தோண்டும் சிற்றூர் இது. ஓர் உதவி நிறுவனம் என்னை அனுப்பியிருக்கிறது. குழியிலிருந்து வரும் கல்லைப் பெண்கள் உரலில் இடிக்கிறார்கள். முகமூடி கட்டுங்கள், கல்லை நனைத்து இடியுங்கள், தூள் நெஞ்சுக்குள் போகாது என்று சொல்வது என் வேலை. இந்தியர் என்றால் வியாபாரி என்றே இவர்களுக்குப் பழக்கம். முதல் வாரம் முழுக்க, நான் பேசி முடித்ததும் ஒரு சிட்டிகைத் தங்கத்தை நீட்டி என்ன விலை தருவாய் என்றார்கள். அந்தக் குழப்பம் தீர்ந்த பிறகு பக்கத்து அறை ரெஹேமா கேட்டாள், குடிக்கவே தண்ணீர் போதவில்லை, கல்லுக்கு எங்கிருந்து ஊற்றுவது என்று. பயிற்சியில் அதற்குப் பதில் சொல்லித் தரவில்லை.

ரெஹேமாவின் கணவன் ஜுமா குழியில் பாறைக்குத் துளை போட்டவன். எங்கள் அறைகளுக்கு நடுவில் ஒரு தகரம்தான். ஒரு மாலை ஊருக்குப் போன் பேசும்போது அப்பா சட்டென்று நிறுத்தினார். "பக்கத்துல யாரும்மா இருமறது? எந்த ஷாப்ட் ஆளு?" எந்தச் சுரங்கத்தில் இறங்கினாரோ அதுதான் எங்கள் ஊரில் ஒருவருக்கு விலாசம்.

அப்பாவும் டிரில் பிடித்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு பெங்களூருக்கு ரயிலேறி வாட்ச்மேன் வேலை பார்த்தார். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் அதுவும் நின்றது. கோலார் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, நுரையீரலில் கல்தூள் படிந்திருக்கிறது, இனி போகாது என்றார்கள். தம்பிதான் பார்த்துக்கொள்கிறான். ஊருக்கு உபதேசம் செய்ய நான் கடல் தாண்டி வந்திருக்கிறேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அன்றிலிருந்து போனில் அப்பாவின் முதல் கேள்வியே "அவரு கீறாரா?" என்பதுதான். ஸ்பீக்கரில் போடச் சொல்வார். தகரத்துக்கு அப்பால் ஜுமா இருமுவான், போனுக்குள் அப்பா இருமுவார். ரெஹேமா இருவருக்கும் சேர்த்துப் போலே சொல்வாள். "அவரு இழுத்துக்கினு கீற வரிக்கும் எனுக்கும் ஒண்ணும் ஆவாதும்மா" என்றார் ஒருநாள். விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தேன். ஜுமாவின் சத்தம் கேட்ட நாளில்தான் அப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று தம்பி தனியாகச் சொன்னான்.

மழை தொடங்கிய வாரம் ஜுமா இறந்துபோனான். அடக்கத்துக்குப் போய் வந்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. சிக்னல் இல்லை, வேலை அதிகம் என்று தள்ளிக்கொண்டே போனேன். நேற்று மாலை தள்ள முடியவில்லை. ரெஹேமா என் அறையில் இருந்தாள். தகரத்துக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்க அவளால் முடியவில்லை. போனை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தேன்.

"இன்னாம்மா, அவரு சத்தமே காணோம்?"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அப்போது ரெஹேமா இருமினாள். அது நடிப்பில்லை. அப்பா கேட்டது அவளுக்குப் புரிந்திருக்காது. சிறுவயதிலிருந்து கல் இடித்தவள். அடியிலிருந்து கிளம்பும் வறட்டு இருமல். எனக்கு அது பிறந்ததிலிருந்து தெரியும்.

"ஆங், கீறாரு" என்றார் அப்பா. குரலில் தெம்பு வந்திருந்தது. பிறகு அவரும் இருமினார்.

ரெஹேமா போனை நோக்கிக் குனிந்து "போலே" என்றாள். அவள் இருமலுக்குப் போலே சொல்ல அந்த அறையில் நான் ஒருத்திதான் இருந்தேன். வாயைத் திறந்தால் அப்பா என் குரலிலேயே எல்லாவற்றையும் தெரிந்துகொள்வார் என்று பேசாமல் இருந்தேன்.