அலமாரியில் இருந்த மருந்து

பொய் சொன்னேன். வலிக்குப் பயந்து கேட்ட ஒருத்தியிடம், மருந்தைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டே, இல்லை என்று சொன்னேன்.

நான் நர்ஸ். தஞ்சாவூருக்குக் கிழக்கே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பன்னிரண்டு வருடங்களாகப் பெண்களுக்குக் கருத்தடைக்கான காப்பர்-டி போடுகிறேன். எத்தனை பேருக்கு என்று கேட்காதீர்கள்... கை அலுத்துவிட்டது. மனமும்தான்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கருவியை உள்ளே செலுத்தும் நேரத்தில், "எங்க, ஒருதரம் இருமும்மா" என்போம். அவள் இருமி முடிப்பதற்குள் வேலை ஆகிவிடும். வயலில் இறங்கும் பெண்களுக்கு அதுவே போதும் என்றிருந்தோம். பள்ளிக்கூட டீச்சர் யாராவது வந்தால் மட்டும் முன்கூட்டியே வலி மாத்திரை, டாக்டரம்மா வந்து போடும் மரத்துப்போகிற ஊசி... யார் வகுத்த விதி இது? எங்கும் எழுதியிருக்கவில்லை. நாங்களாக வைத்துக்கொண்டதுதான்.

செல்வி நடவு ஆள். மூன்றாவது பிள்ளை பிறந்து நான்கு மாதம். நடவுக்கு நடுவே அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். கணுக்காலில் சேறு காய்ந்திருந்தது. மேசையில் படுத்தவள் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, மரத்துப்போற ஊசி இருக்காமே... எனக்கும் போடச் சொல்றீங்களா?"

"அதெல்லாம் இங்க இல்லம்மா. நாள் பூரா குனிஞ்சு நாத்து நடுற, ஒனக்கு இது ஒரு வலியா? எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

மருந்து அவள் தலைமாட்டு அலமாரியில் இருந்தது. டாக்டரம்மா பக்கத்து அறையில் இருந்தார். வெளியே இன்னும் ஏழு பேர் காத்திருந்தார்கள், எனக்குக் கால் கடுத்தது. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிதாக ஏதாவது இருந்திருக்கக் கூடாதா!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு இரண்டு மாதம் முன்பு, அதே மேசையில், எனக்குக் காப்பர்-டி போட்டார்கள். அந்த ஊசியை நானே கேட்டுப் போட்டுக்கொண்டேன். அப்படியும் பல்லைக் கடித்தேன்.

இருமச் சொன்னேன். செல்வி இருமவில்லை, அலறினாள். "சும்மா இரு, மூணு புள்ள பெத்தவதானே!" என்று அதட்டிவிட்டு வேலையை முடித்தேன். வெளியே வந்து பார்த்தால் ஏழு பேரில் இருவர் எழுந்து போயிருந்தார்கள்.

போன மாதம் பஸ்ஸுக்கு நின்றபோது அவளே என்னைத் தேடி வந்தாள்.

"அக்கா, அன்னிக்கு அப்படிக் கத்தி ஒங்க மானத்த வாங்கிட்டேன். எனக்குத்தான் வலி தாங்குற ஒடம்பு இல்ல. மனசுல வச்சுக்காதீங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்...

"பரவாயில்ல செல்வி, விடு" என்றேன்.

கேட்டீர்களா? நான் அவளை மன்னித்தேன்! நிம்மதியாகச் சிரித்துக்கொண்டே அவள் பஸ் ஏறிப் போனாள்.

இப்போதெல்லாம் யார் வந்தாலும் அந்த ஊசி போட டாக்டரம்மாவைக் கூப்பிட்டுவிடுகிறேன். அதனால் என்ன? செல்வி இன்னமும் தன் உடம்பைத்தான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.