கடைக்காரர் கொடுத்த போன்

எனக்கு வன்மம் அதிகம். சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. யார் எனக்கு என்ன செய்தார்கள் என்பது எத்தனை வருஷமானாலும் கிழமையோடு நினைவில் இருக்கும். அந்தப் பட்டுக் கடைக்காரரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

ஆரணியில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுவது என் பிழைப்பு. கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நான் நிரப்புவதைப் பார்த்துத்தான் அட்டையில் துளை போடுவார்கள். அந்த அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே மாட்டினால் சேலையில் மயிலோ மாங்காயோ வந்துவிடும். டிசைன் புதிதாக இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு. ஒருமுறை வெளியே போய்விட்டால் பத்தாம் நாள் பவர்லூமில் பாதி விலைக்குக் கிடைக்கும்.

சந்தவாசல் பக்கம் ஒரு கிராமத்தில் எனக்கு ஓர் அக்கா இருந்தார். சொந்தமில்லை, தறியால் வந்த பழக்கம். வீட்டிலேயே இரண்டு தறி போட்டு, கணவரும் அவருமாக அந்தக் கடைக்காரருக்குக் கூலிக்கு நெய்துகொண்டிருந்தார்கள். ஒரு தறியையாவது தன்னுடையதாக ஆக்கிக்கொண்டு, யாரிடமும் இல்லாத டிசைனில் நெய்து, தானே விற்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. டிசைன் என்னுடையது. அது கடைக்காரர் கண்ணில் படாமல் அக்காவிடம் போய்ச் சேர வேண்டும். எங்களுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அந்த ஊரில் டவர் சரியாக எட்டாது. அதனால் அக்காவின் போனில் ஓர் ஆப் போட்டுக் கொடுத்தேன். அதற்கு நடுவில் கம்பெனி கிடையாது. பக்கத்தில் இருந்தால் போனிலிருந்து போனுக்கு நேராகப் போகும். தூரத்தில் இருந்தால் பூட்டுப் போட்டு இன்டர்நெட் வழியாகப் போகும். பூட்டைத் திறக்க வாங்குபவரால் மட்டுமே முடியும். உலகத்தில் யார் யாரோ சும்மா எழுதிக் கொடுத்த கட்டற்ற மென்பொருள். நானும் அந்தக் கூட்டத்து ஆள்தான். மாதம் ஒரு ஞாயிறு வேலூரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் பதினோரு பேர் கூடுவோம்.

ஒரு கோடையில் அரசாங்கம் அந்த ஆப்பை வேறு சிலவற்றோடு சேர்த்துத் தடை செய்தது. தீவிரவாதிகள் பயன்படுத்துகிறார்களாம். தீவிரவாதி படவேடு பஸ்ஸிலும்தான் ஏறுவான். அதற்காக பஸ்ஸை நிறுத்துவார்களா? (அந்த பஸ் ஒழுங்காக வருவதில்லை என்பது வேறு கதை.) இந்தியாவில் அந்த ஆப்புக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை என்று இன்னொரு காரணமும் பேசப்பட்டது. ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்திருந்த பதினோரு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் ஆள் இல்லையா? எழுதியிருப்பதை எல்லோரும் படிக்கலாம், வந்து படியுங்கள் என்று கடிதம் எழுதினோம். தகவல் உரிமைச் சட்டத்தில் காரணம் கேட்டோம். சொல்ல முடியாது என்று பதில் வந்தது. மேல்முறையீடு செய்தோம். ஆப்பின் பிரதியை பென்டிரைவில் வைத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். எல்லாம் நியாயமான வேலைதான். எனக்குத்தான் பொறுமை இல்லை.

கடைக்காரர் அதற்குள் தடைச் செய்தி வந்த பேப்பரை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார்.

"இது தீவிரவாதிங்க ஆப்பும்மா. போன்ல இருந்தா போலீஸ் வந்து தறியைத் தூக்கினு பூடுவான். இன்னாத்துக்கு உனுக்கு இந்த பேஜாரு?"

நான் போனபோது அக்கா ஆப்பை அழித்திருந்தார். பென்டிரைவை நீட்டினேன். கையால் தொடக்கூட மாட்டேன் என்றார். "வாணாம்மா. எனுக்கு பயமா கீது" என்று சொல்லிவிட்டுத் தறியில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த பயத்தை உண்டாக்கியவர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

தீபாவளிக்குக் கடைக்காரர் தன்னிடம் நெய்கிற எல்லா வீட்டுக்கும் புது போன் இனாம் கொடுத்தார். ஊர் முழுக்க வைத்திருக்கிற அந்த வழக்கமான ஆப்பையும் அவரே போட்டுத் தயார் செய்து கொடுத்தார். ஊரே அவரை வாழ்த்தியது. நானும் வேறு வழியில்லாமல் அந்த ஆப்பிலேயே அக்காவுக்கு ஒரு மயில் டிசைன் அனுப்பினேன். கார்த்திகை முடிவதற்குள் என் மயில் அவருடைய கடைக் கண்ணாடிக்குள் நின்றுகொண்டிருந்தது. அக்காவின் தறியில் அதே மயில் பாதிகூட ஏறவில்லை. தெருவில் நின்று பார்த்தேன்.

தை மாதம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் டீ போட உள்ளே போன நேரத்தில் அந்த போனை எடுத்து நோண்டினேன். கடைக்காரருடைய கம்ப்யூட்டர் ஒன்று அதோடு இணைத்து வைக்கப்பட்டிருந்தது, தீபாவளிக்கு முந்தின நாளிலிருந்து. அக்காவுக்கு வருவதும் அக்கா அனுப்புவதும் எல்லாம் அந்தக் கடைக்குள் போய்க்கொண்டிருந்தன. தடை செய்யப்பட்ட ஆப்பில் இப்படி இன்னொரு இடத்தில் இணைக்கவே வழி கிடையாது. ஒரு தட்டுத் தட்டினால் இணைப்பைத் துண்டித்திருக்கலாம். விரலை அதன் மேல் கொண்டுபோனேன். பிறகு போனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு டீயைக் குடித்தேன்.

அடுத்த ஞாயிறு வேலூரில் நண்பர் ஒருவரிடம் மட்டும் என் திட்டத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "அந்த அக்காவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். சொல்லிவிடுகிறேன் என்றேன்.

பார்டர் டிசைனை முழு நீளத்துக்கு யாரும் வரைவதில்லை. ஒரு துண்டுதான் வரைவோம். கடைசி அட்டையை முதல் அட்டையோடு கோத்துவிட்டால் அதுவே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். நான் இரண்டு மாங்காய், நடுவில் வேப்பிலை, மேலே இரண்டு மொட்டு என்று ஒரு பார்டர் போட்டேன். அதைச் சரிபாதியில் வெட்டி, பாதியை இந்த ஓரத்திலும் பாதியை அந்த ஓரத்திலும் வைத்தேன். படமாகப் பார்த்தால் அழகான கொடி. அட்டையைக் கோத்து ஓட்டினால் இரண்டு மாங்காயும் ஒட்டி, மொட்டு கண்ணாகி, இலை மூக்காகி, ஆந்தை. சேலையை மடித்து வைத்தால் அது படுத்துக் கிடக்கும், தெரியாது. கட்டிக்கொண்டால்தான் எழுந்து உட்கார்ந்து முறைக்கும். அதையும் பார்த்துத்தான் வரைந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த டிசைனும் போட்டதில்லை.

அக்காவுக்கு வேறு ஒரு நல்ல டிசைனின் அட்டையை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். போனில் வருவதை நெய்ய வேண்டாம், அது சும்மா என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. என்மேல் அப்படி ஒரு நம்பிக்கை. பங்குனிக் கடைசியில் ஆந்தையை போனில் அனுப்பி, "அக்கா, இதுதான் இந்த வருஷக் கல்யாண சீசனுக்கு, யாருக்கும் காட்டாதீங்க" என்று எழுதினேன்.

புது டிசைன் என்றால் முதலில் ஒரு முழம் நெய்து, அறுத்து, திருப்பிப் பார்ப்பது எங்கள் ஊர் வழக்கம். தறியில் சேலையின் நல்ல பக்கம் கீழே இருக்கும். நெய்கிறவர் கண்ணுக்குப் பின்பக்கத்து ஜரிகைதான் தெரியும். கடைக்காரருக்கு அந்த ஒரு முழத்துக்குக்கூடப் பொறுமை இல்லை. அக்கா முந்திக்கொள்வாரோ என்று மற்ற வீடுகளில் இருந்த அத்தனை தறியிலும் ஒரே நேரத்தில் ஏற்றிவிட்டார்.

வைகாசியில் ஒரு கல்யாணத்தில் மணப்பெண் மேடையில் எழுந்து நின்றிருக்கிறாள். மாப்பிள்ளையின் அத்தைதான் முதலில் பார்த்தாளாம். ஒருத்தர் சொன்ன பிறகு எல்லோர் கண்ணுக்கும் அது மட்டும்தான் தெரிந்திருக்கிறது. ஒரு வாரத்தில் ஆரணி முழுக்க 'ஆந்தைச் சேலை' என்று பேச்சு. கடை வாசலில் திருப்பிக் கொடுக்க வந்தவர்கள் நின்றார்கள். எதிர்க்கடையில் பாக்குப் பொட்டலம் வாங்குகிற சாக்கில் நானும் நின்று பார்த்தேன். அந்தப் பெண்ணுக்காகப் பரிதாபப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

அடுத்த செவ்வாய் நான் அக்கா வீட்டில் இருந்தேன். உள்ளறையில் கணவரின் தறி ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் ஒரு சேலையைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் சிவந்தது. நான்தான் என்று அவருக்குத் தெரியும். ஆனால் எப்படிச் சொல்வார்? இதற்காகத்தானே இத்தனை மாதம் காத்திருந்தேன்.

"இந்த டிசைன் அக்காவுக்கு மட்டும் அனுப்புனது. உங்களுக்கு எப்டிங்க கெடச்சுது?" என்று கேட்டேன்.

கடைக்காரர், அக்கா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்தார்.

"கர்ப்பப்பையில கட்டின்னு டாக்டர் சொல்லியும் ஆபரேசன் வாணாம்னுகினு கீறியாமே. வூட்டுக்காரருக்கே தெரியாதாமே. ஒடம்பப் பாத்துக்கம்மா" என்று, உள்ளே கேட்கும்படி சத்தமாகச் சொல்லிவிட்டு வெளியேறினார்.

உள்ளே தறி நின்றது.

பங்குனியிலிருந்து அக்கா அதை என்னிடம் மட்டும் சொல்லிவந்தார். எழுத வராது என்பதால் குரலில் பதிந்து அனுப்புவார். சிலவற்றில் அழுவார். நானும் கேட்டுவிட்டு ஆறுதல் சொல்லி அனுப்புவேன், அந்த போனுக்கே. இணைப்பைத் துண்டித்தால் ஆந்தை போகாதே, போன பிறகு துண்டித்தால் அவர் உஷாராகிவிடுவாரே என்று ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டேன்.

"நீ சொன்னியா அவராண்ட?" என்றார் அக்கா.

"இல்லக்கா. இந்த போன்ல வர்றது எல்லாம் அவர் கடை கம்ப்யூட்டர்லயும் வருது. தீபாவளிலேர்ந்து."

அக்கா போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உனுக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. வாய் வரவில்லை.

"தை மாசத்துலேர்ந்து" என்றேன்.

அக்கா போனை என் மடியில் வைத்துவிட்டுக் கணவர் இருந்த அறைக்குள் போனார்.