ஸ்டெம் செல் ஆஸ்பத்திரியில் ஒரு இன்ஸ்பெக்ஷன்

"நாளையிலிருந்து நீங்க வர வேண்டாமுங்க, அம்மிணி" என்று வேலுச்சாமி ஐயா சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. திருப்பூரில் பிசியோதெரபிஸ்டாக இருந்த காலத்தில் என்னை நிறுத்தியவர்கள் பலர். பெரும்பாலும் குணமானதால் நிறுத்தினார்கள். இவருக்கு இருந்தது பார்க்கின்சன் என்ற நடுக்குவாதம். அதில் குணமாகி நிறுத்துவது என்ற பேச்சே கிடையாது.

ஊரை ஒட்டிய நெருப்பெரிச்சல் என்ற இடத்தில் பனியன் கம்பெனி வைத்திருந்தவர். கை நடுக்கத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஆனால் வாசலைக் கடக்கும்போது கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடும். நாங்கள் ஃப்ரீசிங் என்போம். தொழிலாளிகள் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில் கம்பெனிப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஸ்டெம் செல் என்றால் தீராத நோயே இல்லை என்று ஊரெல்லாம் பேச்சு. யாரோ ஒரு சி.டி. கொடுத்திருக்கிறார்கள். கூன் விழுந்து தள்ளாடிய ஒருவர், மூளையில் செல் வைத்த பிறகு விறுவிறுவென்று நடக்கிறார். ஐயா அதைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். ஆபரேஷனுக்கு நாளும் குறித்துவிட்டார், இனி என் பயிற்சி எதற்கு என்று என்னையும் நிறுத்தினார். எப்படியும் சரியாகிவிடும் என்று மாத்திரையையும் அரைகுறையாகத்தான் விழுங்கினார்.

நோயாளிகளை என்னிடம் அனுப்பும் நரம்பியல் டாக்டரிடம் போனில் கேட்டேன். டோபமின் சுரக்கும் செல்கள் அழிவதுதான் இந்த நோய், அதற்குப் பதில் புதுச் செல் வைக்க முடியுமா என்று ஆராய்ச்சி நடக்கிறது, சிலருக்குப் பலன் தெரிந்தது, சிலருக்குக் கட்டுப்படாத அசைவுகள் வந்து தொல்லை கூடியது, இன்னும் வைத்தியம் என்று விற்கும் நிலைக்கு வரவில்லை என்றார். அப்படியே ஐயாவிடம் ஒப்பித்தேன்.

"நீங்க நடக்க வெக்கிறவங்க, அம்மிணி. நான் ஓடோணும்னு பாக்கறேன்" என்றார்.

இருந்தாலும் ஆபரேஷன் செய்யப்போகும் வெளியூர் ஆஸ்பத்திரிக்கு என்னையும் கூப்பிட்டார். டாக்டர் பேசுவது புரியாவிட்டால் சொல்ல ஓர் ஆள் வேண்டுமாம். அவர் மனைவி சரோஜா அம்மாவும் வந்தார்.

அந்த ஆஸ்பத்திரி டாக்டர் தேன் ஒழுகப் பேசினார். அதே சி.டி.யைப் பெரிய டி.வி.யில் போட்டார். இந்த ஆராய்ச்சிக்கு அனுமதி வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டேன். சிரித்து மழுப்பினார். ஐயா குறுக்கிட்டார்.

"இது பண்ணிக்கிட்டவங்கள்ல நான் கை காட்டற நாலு பேருகிட்டப் பேசோணுமுங்க. சி.டி.யில வர்றவரு வேண்டாம்."

எனக்குப் பொறி தட்டியது. எங்கள் ஊரில் சரக்கு கப்பலேறும் முன் அதை வாங்கும் பையரின் ஆள் ஃபைனல் இன்ஸ்பெக்ஷனுக்கு வருவார். கம்பெனிக்காரர் முன்னால் நகர்த்தி வைக்கும் பெட்டியை அவர் சீந்தக்கூட மாட்டார். அடுக்கின் அடியில் கிடப்பதை இழுக்கச் சொல்லிப் பிரிப்பார். அவர் முன்னால் எத்தனையோ முறை வியர்த்து நின்றவர் ஐயா. இன்று அந்த ஆளின் இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

நோயாளிகளின் விவரம் ரகசியம் என்றார் டாக்டர். அது நியாயம்தான்.

"செரிங்க, பேரு வேண்டாம். நல்லாகாதவங்க எத்தன பேருன்னு மட்டும் சொல்லுங்க."

"அப்படி ஒருத்தர்கூட இல்லை சார்."

"ஒரு பீஸு கூட ரிஜெக்ட் ஆகாத சரக்கு லாட்ட நான் இதுவரைக்கும் பாத்ததில்லீங்க" என்று சொல்லி ஐயா எழுந்துவிட்டார்.

அறை வாசலில் கால் நின்றுவிட்டது. டாக்டர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் பாதத்தை ஐயாவின் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்து, என் காலைத் தாண்டி வாங்க என்றேன். தாண்டினார். அந்த ஓர் அடிக்காக எனக்கு வந்த பெருமை இன்றுவரை தீரவில்லை.

ஊர் திரும்பும் வழியில் கார் அவிநாசிபாளையம் வந்தது. சரோஜா அம்மா என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "இதை நெனச்சுத்தானுங்க தெனமும் காலையில எந்திரிச்சாரு. இனி எதைச் சொல்லி எழுப்பறது?"

சரியானதைத்தான் செய்தோம் என்று தெரிந்தும் குற்றவாளிபோல உட்கார்ந்திருந்தேன். அன்றிரவு தூக்கமே வரவில்லை.

காலையில் ஐயாவே போன் செய்தார், கம்பெனிக்கு வரச் சொல்லி. போனேன். கட்டிங் செக்ஷன் வாசலில் தரையில் அடிக்கு ஒன்றாக வெள்ளை டேப் பட்டைகள் ஒட்டியிருந்தன. பனியன் தோளில் வைத்துத் தைக்கும் டேப். கோடு கண்ணில் பட்டால் இந்த நோயாளிகளுக்குக் கால் எழும்பும் என்று எப்போதோ சொல்லியிருந்தேன். சுற்றிலும் தொழிலாளிகள். ஐயா அவர்களைக் கண்டுகொள்ளவே இல்லை.

"அந்த ஸ்டெம் செல்லு என்னைக்காச்சும் நெசமாவே வருமுங்களா?"

"வரலாமுங்க ஐயா. எப்போன்னுதான் யாருக்கும் தெரியாது."

"வரட்டுமுங்க. வர்றப்போ நடந்து போயி வாங்கிக்கிற நெலமையில நான் இருக்கோணும். ஆரம்பிங்க, அம்மிணி."

தெரபி படிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நோயாளியின் நம்பிக்கையோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அதற்கு ஒரு வேலை கொடுங்கள். அன்று ஐயா தன் நம்பிக்கைக்குத் தானே வேலை கொடுத்தார். சரோஜா அம்மா பார்த்துக்கொண்டிருக்க, பட்டைகளைத் தாண்டித் தாண்டி, யார் கையையும் பிடிக்காமல் அந்த வாசலைக் கடந்து உள்ளே போனார்.