மூன்று சுற்று

படகுப் பட்டறையில் எல்லோருக்கும் அவள் கம்பியக்கா. பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிக்கிற எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டுவதுதான் இருபத்தாறு வருடமாக அவள் பிழைப்பு. கம்பி தளர்ந்தால் மரம் தள்ளாடும். அளவு மீறி இறுக்கினாலோ, மெல்லிய மரம் வில்லாக வளைந்து பாயின் தொப்பையை இழுத்துத் தட்டையாக்கிவிடும்; தொப்பை இல்லாத பாய் படகை இழுக்காது. இதை அவள் யாருக்கும் புரியவைத்துவிடுவாள், தன் தம்பியைத் தவிர.

தம்பி பல் டாக்டர். எதையும் இறுக்கினால்தான் உறுதி என்று நம்புகிற ஆள். அவன் மூடிய பாட்டிலை வீட்டில் வேறு யாராலும் திறக்க முடியாது. அவனுடைய பந்தயப் படகுக்கு அக்கா கம்பியை அளந்து வைத்துவிட்டுப் போவாள். அவள் தலை மறைந்ததும் ஸ்பேனரோடு வந்து பக்கத்துக்கு மூன்று சுற்று முறுக்கிவிடுவான். ஏழு வருடமாக இதே கூத்து. ஏழு வருடமும் கடைசி இடம்.

"கம்பியைத் தொட்டியாடா?"

"சத்தியமா இல்லக்கா." சொல்லிவிட்டுக் காதைச் சொறிவான். பொய் சொன்னால் அவனுக்குக் காது அரிக்கும்.

எட்டாவது பந்தயத்துக்கு முன்னால் அவன் மனைவி தீர்த்துச் சொன்னாள்: "இந்தத் தடவையும் கடைசின்னா படகை வித்துடலாம்." அவனும் தலையாட்டிவிட்டான். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. அந்த மரத்தைச் செதுக்கி நிறுத்தியவளே அவள்தான். இவனிடம் பேசிப் பயனில்லை என்று, சரியான அளவிலிருந்து பக்கத்துக்கு மூன்று சுற்று தளர்த்தி வைத்தாள். எப்படியும் முறுக்குவான், அளவு சரியாகிவிடும். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் நல்ல காற்று. படகு கிளம்பிய சற்று நேரத்திலேயே காற்று அடிக்காத பக்கத்துக் கம்பி தொளதொளத்தது. அலைக்கு அலை மரத்தின் உச்சி ஆடியது, பாய் படபடத்தது. கரையில் நின்ற அக்காவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. மற்ற எல்லாப் படகும் வந்து, பாயைச் சுருட்டி முடித்த பிறகு தம்பி வந்து சேர்ந்தான்.

"இந்தத் தடவை சத்தியமா தொடலக்கா. லூசாத்தான் இருந்துச்சு, ஸ்பேனரைக்கூட எடுத்துட்டேன். அப்புறம், அக்கா வச்சா சரியாத்தான் இருக்கும்னு கீழ வச்சுட்டேன்."

அவன் கை காதுப் பக்கம் போகவே இல்லை. அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பக்கத்தில் அவன் மனைவி, பழைய படகு வாங்குகிற ஒருவரிடம் பேசப் போனை எடுத்துவிட்டாள்.

"விக்காதீங்க. தப்பு என்னோடது. மூணு சுத்து நான்தான் தளர்த்தினேன்."

"ஏன்க்கா?" என்றான் தம்பி.

"நீ முறுக்குவேன்னு நம்பினேன்டா."

மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். போன் பைக்குள் போனது.

"அடுத்த வருஷமும் கடைசின்னா, படகு இருக்கட்டும், உங்க ரெண்டு பேரையும் வித்துடறேன்."