பழைய சோறும் ஒரு புது பாக்கேஜும்

ஆபீசில் எனக்கு வைத்த பேர் "பழைய சோறு". இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களை நான்தான் பார்த்துக்கொண்டேன். சர்வரில் லினக்ஸ். அதில் இருந்த பாக்கேஜ், அதாவது சாஃப்ட்வேர் பொட்டலம், எல்லாம் அரதப் பழசு. ஆனால் ஒரு நாள் படுத்தது கிடையாது. அந்தத் திமிர் எனக்கு உண்டு, இருக்கட்டுமே. கோலார் தங்கவயல் சுரங்கக்காரர் வீட்டில் பிறந்தவள் நான். மேலே முட்டுக் கொடுத்த கட்டை புதுசா பழசா என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை, தாங்குமா என்றுதான் கேட்பார்கள்.

என் வாயை அடைத்தது கார்மெண்ட்ஸ் கம்பெனியில் துணி தைக்கிற ஒரு அக்கா. மருந்து கவுண்டரில் தருகிற சீட்டு இங்கிலீஷில்தான் இருக்கும். காலையில் போட வேண்டிய சர்க்கரை மாத்திரையை ராத்திரி போட்டு, சாப்பிடாமலே இருந்து, மயங்கி விழுந்து, எங்களிடமே வந்து சேர்ந்தார். "தமிழ்ல அடிச்சுக் குடுத்தா நானே படிச்சுக்குவேனேம்மா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் பழைய சர்வரில் தமிழும் கன்னடமும் கட்டம் கட்டமாகத்தான் அச்சாகும். எழுத்தை ஒழுங்காகக் காட்டுகிற பாக்கேஜ் புது வெர்ஷனில்தான் இருந்தது.

புதுசை ஏற்ற இதுதான் சமயம் என்று, கூட வேலை பார்த்த மைசூர்க்காரர் துள்ளினார். சோதனைக்கென்று வைத்திருந்த டெஸ்ட் மெஷினில் அந்த ஒரு பாக்கேஜைத்தான் கேட்டார். கல்யாணத்துக்கு ஒருத்தரைக் கூப்பிட்டால் ஊரே கிளம்பி வருகிற மாதிரி, மற்ற புரோகிராம்களை அடியில் தாங்குகிற லைப்ரரி வரைக்கும் எல்லாவற்றையும் மாற்றட்டுமா என்றது மெஷின். மனுஷன் படிக்காமலே, சரி என்று 'ஒய்' தட்டிவிட்டார். எழுத்து முத்து முத்தாக வந்தது. பில் போடுகிற புரோகிராம் மட்டும் எழுந்திருக்கவே இல்லை. அதுவே நிஜ சர்வராக இருந்திருந்தால் கவுண்டரில் எங்களை வறுத்தெடுத்திருப்பார்கள்.

புதுசின் சோர்ஸ் கோடு, அதாவது அதை எழுதிய மூல வரிகளை, இறக்கி, என் பழைய லைப்ரரிகளோடு ஒத்துப்போகிற மாதிரி நானே கம்பைல் பண்ணி உருவாக்க உட்கார்ந்தேன். தினம் ஒரு எர்ரர். எங்களுக்கு வேண்டாத வசதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கோந்து போட்டு ஒட்டுகிறீர்களா மேடம் என்று மைசூர்க்காரர் கிண்டலடித்தார். ஒட்டினேன்தான். கடைசியில் அந்த ஒன்று மட்டும் புதுசு, மற்றதெல்லாம் அதே பழைய சோறு. சர்வரில் ஏற்றிய அன்று கவுண்டர் நிற்கவே இல்லை. 'சக்கத்' மேடம் என்று கன்னடத்தில் மெச்சி அவரே கை கொடுத்தார். பெருமையாக இருந்தது, அதை ஏன் மறைக்கணும்?

அடுத்த தடவை வந்தபோது அந்த அக்கா தமிழ்ச் சீட்டை வாங்கி, விரல் வைத்து எழுத்துக் கூட்டினார். காலை. சாப்பாட்டுக்கு முன். கவுண்டரில் இருந்தவர் வழக்கம்போல விளக்க வாயெடுத்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருப்பா. நானே படிக்கிறேன்."